எட்டுக் கட்டை ரேடியோ

கள்ளிமேட்டுப்பாளையத்தில் ரகசியம் தங்காது. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர். விடிந்ததிலிருந்து டடக்கு டடக்கென்று அது போடுகிற கூப்பாட்டில் எல்லோருக்கும் காது பாதி மரத்துப் போயிருக்க, அந்த ஊர்க்காரர்கள் பெண் பார்க்கப் போன இடத்திலும் கத்தித்தான் பேசுவார்கள், இழவு வீட்டிலும் கத்தித்தான் ஆறுதல் சொல்வார்கள், மாரியம்மனின் காதோடு காதாக வைக்கிற வேண்டுதலைக்கூட ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற வெளியூர்க்காரன் கேட்டுவிட்டு, "நடக்குமுங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவான். தறிக்குடோனுக்குள்ளே என்றால் கத்துவதும் எடுபடாது. அங்கே உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேச்சு. அதனால் அந்த ஊர்க் குழந்தைகள் பேச்சைக் காதால் பிடிப்பதற்கு முன்பே கண்ணால் பிடித்துக்கொள்ளும். பால்குடி மறக்காத குழந்தைகூட அம்மா உதட்டைப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலேயே பெரிய குரல் மரகதத்துக்கு. வாசலில் நின்று அவள் தன் மகள் பவளத்தைச் சோறு தின்னக் கூப்பிட்டால், அடுத்த தெருவில் நாலு குழந்தைகள் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சிரித்தால் தறிக்குடோன் ஓட்டில் உட்கார்ந்திருக்கிற புறா பறக்கும். அவள் புருஷன் நல்லசிவம் தறி ஃபிட்டர். ஆடியில் மஞ்சக்காமாலை கண்டு, ஆவணி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். காரியம் முடிந்த கையோடு அவள் குடோனுக்குத் திரும்பினாள். அழுகை வந்தால் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்து அழுதுகொள்வாள், யார் காதிலும் விழாது; மீதி நேரமெல்லாம் பழையபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஏனென்றால் நாலு வயதுக் குழந்தைக்கு முன்னால் ஓயாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் சோறு வேகுமா, துணி துவையுமா?

ஆனால் மத்தியானம் கரண்ட் நிறுத்துவார்கள். அதுதான் அவளுக்கு ஆகாது. ஊரிலுள்ள தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோகும்போது வீட்டுக்குள் ஒரு நிசப்தம் வந்து, நல்லசிவம் உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைத் துரத்த ஏதாவது சத்தம் வேண்டும் என்றுதான் ஒருநாள் பரண்மேல் ஏறி அந்தப் பலகையை இறக்கினாள். பலகை மேல் நல்லசிவம் தன் கையால் பூட்டி வைத்த ரேடியோ: காயலான் கடையில் கிடைத்த பழைய வால்வு ஒன்று, அட்டைக் குழலில் சுற்றின செப்புக் கம்பிச் சுருள், ஸ்டேஷன் பிடிக்கிற திருகு, காதில் மாட்டுகிற கேட்பான். பூட்டினானே தவிர பாட வைக்கவில்லை. "இந்த வால்வுக்குத் தொண்ணூறு வோல்ட் வேணும் புள்ள. அந்தக் காலத்துல இதுக்குன்னே செங்கல்லாட்டம் ஒரு பேட்டரி வருமாமா. இப்ப எங்க போறது?" என்று தலையைச் சொறிந்துவிட்டு மேலே ஏற்றி வைத்ததுதான்.

மரகதம் அப்படித் தலையைச் சொறிகிற ஆளில்லை. லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றுகிறது, கிரைண்டர் அரைக்கிறது, தறிகூட இழுத்து இழுத்து ஓடுகிறது, இந்த ரேடியோ மட்டும் என்ன பெரிய மகாராணியா என்று கேட்டுக்கொண்டு, எதிர்க்கடைச் சரசக்காவிடம் எட்டுப் பேட்டரிக் கட்டை வாங்கிவந்தாள். பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காகப் பிளந்து, அதில் கட்டைகளைத் தலையும் வாலுமாகப் படுக்க வைத்து இரண்டு கோடியிலும் கம்பியைச் சொருகினாள். கட்டைக்கு ஒன்றரை வோல்ட், எட்டுக்குப் பன்னிரண்டு. வால்வுக்குள் இருக்கும் இழை சூடாக நல்லசிவத்தின் மொபெட் பேட்டரி. ஏரியல் கம்பியைத் தென்னை மரத்தில் கட்டினாள். கண்ணாடிக் கூட்டுக்குள்ளே பீடிக் கங்கு போல ஒரு சிவப்புத் தெரிந்தது. கேட்பானில் சத்தம் பத்தாது என்று அதைக் கொண்டுபோய்ப் பித்தளைக் குடத்துக்குள் தொங்கவிட்டாள்.

குடம் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு நல்லசிவம் பேசினான்.

"எட்டாம் நம்பர் தறியில நாடா தட்டுது புள்ள. பாத்துக்க."

"அதெல்லாம் போன மாசமே மாத்தியாச்சுங்க மாமா!" என்று அவள் வழக்கம்போலக் கத்திப் பதில் சொன்னாள். உடனே குடம் அடங்கிவிட்டது. இரைச்சல்கூட இல்லை. வால்வைப் பார்த்தாள், எரிந்தது. கம்பியை ஆட்டிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. பிறகு அவளுக்கே ஒன்று தோன்ற, குடத்தின் வாயருகே குனிந்து, பிறந்ததிலிருந்து அவள் பேசியிராத சின்னக் குரலில், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஈ ஓட்டுகிற அளவு மூச்சில், "மாத்தியாச்சுங்க மாமா" என்றாள்.

"அப்பச் சரி," என்றான் நல்லசிவம்.

அவள் எழுந்துபோய் அரிசிம்பருப்புச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினாள், பவளத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள், அப்பாவும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று குடத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அன்றைக்குப் பவளம் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றது.

இந்தச் சங்கதி ஊருக்குத் தெரிய அரைநாள் ஆனது, அதுவும் சரசக்கா கட்டையை விற்ற கையோடு பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால். பெட்டிக்கடையும் டீக்கடையும் ஒன்றாக வைத்து நடத்துகிற சரசக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை; கூடப் பிறந்தவன் ஒருத்தன், சம்பத்து. பதினேழு வயதில் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து செத்தவன். அவள் வந்ததும் வராததுமாகக் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "என்ற தம்பி இருக்கானான்னு கேளு" என்றாள். நல்லசிவம்தான் பேசினான், சம்பத்து வரவில்லை. "அவன் செத்து வருசம் எச்சாச்சுல்ல, இன்னும் தள்ளி அக்கட்டால இருப்பான்" என்று சரசக்காவே காரணமும் சொல்லி, பைப்பிலிருந்து ஒரு கட்டையை உருவினாள். பிறகு இன்னொன்று. ஆறு கட்டையில், ஒன்பது வோல்ட்டில், நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி ஒரு குரல், "அக்கா, பசிக்குது" என்றது. சரசக்கா அன்று கடையைத் திறக்கவில்லை.

அப்படித்தான் ஊர் கற்றுக்கொண்டது: வோல்டேஜ் குறையக் குறைய ஆள் பழசு, பிற்பாடு போனவர்களும் கூடவே கேட்பார்கள். ஆறு கட்டையில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு உள்ளே போனவர்கள். ஐந்தில் அவர்களின் அப்பன் ஆத்தாள்கள். நாலில் கைத்தறிக் காலத்து மனிதர்கள், தெருவில் நூல் பாவு நீட்டுகிறபோது பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டு. யாரோ ஆசைப்பட்டு இரண்டுக்கு இறக்கியபோது, பஞ்ச காலத்தில் செத்தவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல எதையோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று புரியவில்லை, ஆனால் அதைக் காதில் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் அன்றிரவு யாரும் உலை வைக்கவில்லை. அதற்குப் பிறகு நாலுக்குக் கீழே போவதில்லை என்று ஊர்கூடி முடிவு செய்தார்கள்.

செத்தவர்கள் பெரிய சங்கதி எதையும் சொல்லவில்லை. சொர்க்கம் எப்படி என்று கேட்டால் "எருமைக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்பார்கள். எதிர்காலம் கேட்டால் இருமுவார்கள். குடோன்காரர் கந்தப்பனின் அப்பா தினமும் வந்து, வடக்கு மூலையில் ஓடு உடைந்திருப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். கந்தப்பனும் தினமும் "மாத்தறேனுங்க ஐயா" என்று சொல்லி மாற்றாமலே இருந்தார், மாற்றிவிட்டால் ஐயா வரமாட்டாரோ என்று. ஆனாலும் கூட்டம் வந்தது. மத்தியானம் கரண்ட் போனதும் ஜனங்கள் செருப்பை வாசலில் விட்டு, வளையலையும் கொலுசையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, இருமல்காரர்கள் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவார்கள். கரண்ட் நிறுத்தத்தை வைதுகொண்டிருந்த ஊர், இப்போது நிறுத்தக் கொஞ்சம் தாமதமானால் லைன்மேனைத் தேடிப்போய், "ஏனுங், இன்னைக்கு மறந்துட்டீங்களா?" என்று கேட்டு ஒரு சொம்பு மோரும் கொடுத்துவிட்டு வந்தது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதை நாலைந்து வீட்டில் நிறுத்திவிட்டார்கள். காக்கைகள் இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயின.

எல்லாவற்றுக்கும் மேலே, ஊரே மெல்லப் பேசக் கற்றது. சத்தம் போட்டால் செத்தவர்கள் போய்விடுகிறார்களே. முதலில் மரகதத்தின் வீட்டுக்குள் மட்டும் மெல்லப் பேசினார்கள். பிறகு அவள் தெருவில். பிறகு பழகிப்போய் சந்தையில், பஞ்சாயத்தில், புருஷன் பெண்டாட்டி சண்டையில். மெல்லச் சண்டை போடுவது கஷ்டம் என்பதால் சண்டையே குறைந்தது. சேவல் காற்றை மட்டும் ஊதிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது. நாய்கள் வாயைத் திறந்து மூடின. பெரியவர்களுக்காவது கரண்ட் வந்ததும் குடோனுக்குள் போய்த் தொண்டையைத் திறக்க ஒரு வேலை இருந்தது. குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. "ஷ்ஷ்" என்பதைத்தான் அந்த வருஷம் அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாச் சொல்லையும்விட அதிகமாகக் கேட்டன. பள்ளிக்கூடத்து டீச்சர் அமிர்தவல்லிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். "எங்க ஊர்ப் புள்ளைங்களாட்டம் ஒழுக்கம் எங்கீமே இல்லீங்" என்று ஆய்வுக்கு வந்தவரிடம் சொல்லி, வகுப்புக்கு ஒரு கோப்பையும் வாங்கிவிட்டாள்.

பவளம் குடத்தோடேயே கிடந்தது. ஒரு கன்னத்தைப் பித்தளையில் அழுத்திக்கொண்டு, உதடு அசைய அசைய, அப்பாவிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கும். பசி என்றால் வயிற்றைத் தட்டிக் காட்டும், தண்ணீர் என்றால் உதட்டைக் குவிக்கும். மரகதத்துக்கு அதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. அந்த ஊரில் எந்த அம்மாவுக்குத்தான் பட்டது? தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், உதட்டைப் பார்த்தால் போதுமே.

நல்லசிவம் மட்டும் ஒருநாள் சொன்னான்: "மரகதம், புள்ள இப்பல்லாம் இங்கியேதான் இருக்குது."

"உங்க மேல அத்தன ஆசைங்க மாமா," என்று அவள் மூச்சால் சிரித்தாள்.

"இல்ல புள்ள. நெம்ப நேரம் இருக்குது," என்றான் அவன். அவளுக்கு அதைக் கேட்க மனசு குளிர்ந்துதான் இருந்தது.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் கரண்ட் போய், தறிகள் நின்று, வழக்கமான கூட்டம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நாலு கட்டை. கந்தப்பனின் அப்பா ஓட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு குரல் குடத்துக்குள் வந்தது. சின்னக் குழந்தையின் குரல்.

"அம்மா," என்றது. "அம்மா... தண்ணி... அம்மா."

இதுவரை குழந்தை எதுவும் வந்ததில்லை.

"யாரு பெத்த மகராசியோ," என்று சரசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தண்ணியில போன புள்ள போல. என்ற தம்பியாட்டவே."

"நாலு கட்டையில வருதுன்னா கைத்தறிக் காலத்துப் புள்ளையா இருக்கும்," என்றார் கந்தப்பன். "வாய்க்கால்ல அடிச்சுட்டுப் போன கொழந்த ஒண்ணப் பத்தி எங்கையன் சொல்லியிருக்காரு."

"அம்மா, கை வலிக்குது," என்றது குடம்.

கந்தப்பன் எழுந்து சாமி படத்துக்கு முன்னாலிருந்த கற்பூரத்தை எடுத்துக் குடத்தின் முன்னால் ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டார்கள். "அழாத சாமி, நல்லபடியாப் போ தாயி" என்று சரசக்கா மூச்சால் தேற்றினாள். மரகதமும் கும்பிட்டாள், அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது, எந்தக் காலத்திலோ எந்தத் தாயோ காதில் வாங்காமல் விட்ட அந்தக் குழந்தைக்காக.

"அம்மா, ரோஸ் செருப்பு மெதக்குது," என்றது அந்தக் குழந்தை.

கைத்தறிக் காலத்தில் ரோஸ் செருப்பு ஏது? போன ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பவளம் அடம்பிடித்து வாங்கிய, இன்று காலையில் தன் கையாலேயே வார் பூட்டிவிட்ட செருப்பு அல்லவா என்று மரகதத்துக்குத் தோன்றுவதற்குள் அவள் கால் வாசலைத் தாண்டியிருந்தது. எழுந்தபோது குடம் உருண்டது, கற்பூரம் சிதறியது, யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். வீட்டை ஒட்டின குடோனுக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்டுத் தொட்டி. அவள் முகவாய் அளவு உயரம், அதன் மேல் ஏற ஒரு உடைந்த தறிக் கட்டை சாய்ந்து கிடந்தது. உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் விழுகிற பைப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தாடை வரைக்கும் முழுகி, பவளம் வாயை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் துளி இல்லை. தொட்டியின் ஓரத்தில் ரோஸ் செருப்பு ஒன்று மிதந்தது.

தூக்கி எடுத்து, முதுகைத் தட்டி, தலையைத் துவட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது குழந்தை குலுங்கிக் குலுங்கி அழுதது. அந்த உடம்பு அழுவது அவள் உடம்புக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளே, உருண்டு கிடந்த குடத்திலிருந்து, கும்பிட்டபடி நின்றிருந்தவர்களுக்கு நடுவில், அந்த அழுகை கணீரென்று வந்துகொண்டிருந்தது. அதைவிட மோசமாக இன்னொன்று அவளுக்கு உறைத்தது: அந்தக் குரலைக் கேட்டு அவள் உட்கார்ந்து கும்பிட்டாளே, செருப்பைச் சொல்லும் வரைக்கும் தன் பெண்ணின் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லையே.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். குழந்தையை விட வந்த அம்மாக்களையெல்லாம் வேப்ப மரத்தடியில் நிறுத்தினாள்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க. புள்ளைங்க மூஞ்சியப் பாக்கக் கூடாது."

"எதுக்குடி? கண்ணாமூச்சியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. திரும்புக்கா."

அவர்கள் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். மரகதம் குழந்தைகளைப் பார்த்து, "அம்மான்னு கூப்புடுங்க சாமிகளா, எல்லாரும் நல்லாச் சத்தமா" என்றாள். குழந்தைகள் கூப்பிட்டன. வயிற்றை எக்கி, கண்ணை இறுக்கி, நுனிக்காலில் நின்று கூப்பிட்டன. அம்மாக்கள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். வேப்பம்பூ உதிர்ந்தது. ரோட்டில் ஒரு பஸ் போனது.

"ம், கூப்புடச் சொல்லு," என்றாள் அவர்களில் ஒருத்தி, திரும்பாமலே.

"கூப்புட்டுட்டுத்தான் இருக்குதுங்க," என்றாள் மரகதம்.

அந்தச் சுவர்ப் பக்கத்திலிருந்து எழுந்த ஓலம்தான் பல மாதத்துக்குப் பிறகு கள்ளிமேட்டுப்பாளையத்தில் குடோனுக்கு வெளியே வாய்விட்டு எழுந்த முதல் சத்தம். கோப்பையை வைத்திருந்த அலமாரியின் கண்ணாடி அதிர்ந்தது என்று அமிர்தவல்லி டீச்சர் பிற்பாடு சொன்னாள்.

என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கட்டையைக் குறைத்துக் குறைத்துப் பிள்ளைகளின் குரல் குடத்துக்குள் போனதென்றால், ஏற்ற வேண்டும். தொண்ணூறு வோல்ட் என்று அன்றைக்கே நல்லசிவம் சொன்னான். கட்டைக்கு ஒன்றரை என்றால் அறுபது கட்டை. வீட்டு டார்ச் லைட்டுகளைத் திறந்து, கடிகாரத்தைக் கழற்றி எல்லாம் சேர்த்தாலும் பாதிதான் தேறியது, அதிலும் பலது பச்சை பூத்துப்போனது. மிச்சம் முழுக்கச் சரசக்காவின் கடையில், பிரிக்காத அட்டைப் பெட்டியில் இருந்தது. சரசக்கா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நவுந்துக்கக்கா."

"மாட்டேன்."

"ஊர்ப் புள்ளைங்கக்கா."

"எனக்கு ஏதுடி புள்ள? எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். அவன ரெண்டாந்தடவ கெணத்துல தள்ளுன்னு சொல்றயா? உம் புருசன் என்ன, உனக்கு வேண்டாதவனா? மனசு எப்படிடி வருது உனக்கு?"

"எனக்கு மனசே வரலக்கா," என்றாள் மரகதம். "மனசு வந்துதான் செய்யறனா?"

பவளம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. சரசக்காவின் கடையில் பொட்டுக்கடலை மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்த குழந்தை. அது சரசக்காவைப் பார்த்து வாயைத் திறந்தது. "அத்தே" என்கிற மாதிரி உதடு அசைந்தது. சரசக்கா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே கொஞ்ச நேரம் காதைச் சாய்த்து இருந்தாள்.

"இப்படித்தான கூப்புட்டிருப்பான்," என்றாள், கண்ணைத் திறக்காமல். "தோட்டத்துக் கெணறு எட்டி நடந்தா வந்துர்ற தூரம். அக்கா அக்கான்னு எத்தன வாட்டி கூப்புட்டானோ. தறி ஓடிட்டிருந்துச்சுடி. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

பிறகு எழுந்து, பெட்டியைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

அன்று மத்தியானம் கரண்ட் போனதும் கடைசியாக ஒரு தடவை நாலு கட்டையில் வைத்து, வீட்டுக்கு ஒருவராகக் குனிந்து சொல்லிக்கொண்டார்கள். கந்தப்பன் ஓட்டை மாற்றிவிட்டதாக ஐயாவிடம் சொன்னார். காலையில்தான் ஏறி மாற்றியிருந்தார். ஒருவர் பீரோ சாவி எங்கே என்று கேட்டார், இருமல்தான் வந்தது. சரசக்கா, "சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தின்பண்டப் பொட்டலம் ஒன்றைக் குடத்துக்கு அருகில் வைத்தாள்.

மரகதம் கடைசி.

"மாமா, வோல்டேஜ் ஏத்தப் போறேனுங்க."

"ஏத்து."

"எவ்வளவுன்னா, தொண்ணூறு."

"ஒரேயடியா ஏத்தாத புள்ள, வால்வு பொசுங்கிரும். ஒண்ணொண்ணாப் போடு. கட்டை திருப்பி வெச்சறப் போற, தலை எது வால் எதுன்னு பாத்து வையி." பிறகு, "நான் பேசிட்டே இருக்கறேன். நீ போட்டுட்டே போ," என்றான்.

அவள் போட்டாள். பிளந்த பைப்பு நடுவீட்டிலிருந்து வாசற்படியைத் தாண்டி வீதிக்கு இறங்கியது. கட்டை வைக்க வைக்க ஜனங்கள் பைப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள், பாவு நீட்டுகிறவர்களைப் போல இரண்டு வரிசையாக. ஐந்தாவது கட்டையில் பாவுப் பாட்டு நின்றது. ஏழாவதில் சம்பத்து ஏதோ சொல்லத் தொடங்கி முடிக்கவில்லை. சரசக்கா பைப்பைப் பிடித்த கையை விடவில்லை. அப்புறம் நல்லசிவம் மட்டும். மூன்றாம் தறிக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றான், மோட்டாருக்கு எண்ணெய் வை என்றான், மொபெட்டை விற்றுவிடு, சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்றான், மழைக்கு முன்னால் கூரையைப் பார் என்றான். ஒவ்வொரு கட்டைக்கும் அவன் குரல் ஒரு அடி பின்னால் போனது. வால்வு சிவப்பிலிருந்து நீலம் பாரித்தது. அவன் ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. பிறகு சொல்கிறானா என்றும் தெரியவில்லை. அவள் தலை எது வால் எது என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

கடைசிக் கட்டையை வைத்ததும் குடம் அதிரும்படி ஒரு ஆண் குரல், இன்றைய நூல் விலை நிலவரம் என்று தொடங்கி, நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று வாசித்துக்கொண்டு போனது. யாருக்கும் தெரியாத, யாருக்கும் உறவில்லாத ஒரு உயிருள்ள மனிதன்.

முதலில் எந்தக் குழந்தை தொடங்கியது என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த குழாய் காற்று விடுகிற மாதிரி ஒரு கரகரப்பு, பிறகு ஒரு விக்கல், பிறகு வீதி முழுக்க அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதன. மாதக்கணக்கில் விழுந்து அடிபட்டதற்கும், பசித்ததற்கும், பயந்ததற்கும் சேர்த்து வைத்திருந்த அழுகையெல்லாம் அழுதன. எந்த அம்மாவும் "ஷ்ஷ்" என்று சொல்லவில்லை. சமாதானமும் செய்யவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழுது முடித்து, மூக்கை மரகதத்தின் சேலையில் துடைத்துக்கொண்டு, பவளம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தது. நூல் விலைக்காரன் போய், பாட்டு ஏதோ வந்திருந்தது. குடத்தைத் தட்டியது. உள்ளே கையை விட்டுத் துழாவியது.

"அப்பா எங்கம்மா?"

குழந்தையின் குரல் இப்படியா இருந்தது என்று மரகதத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கட்டை, மூக்கால் வருகிறது, நல்லசிவத்தின் அம்மா வழியாக வந்திருக்க வேண்டும். அவள் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் போய் ஒன்பது மாதம் ஆகியும் யாரிடமும், தன்னிடமும், அவள் சொல்லிக்கொள்ளாத சொல்லை, மெல்லத்தான், எடுத்தாள்.

"செத்துப் போயிட்டாரு சாமி."

அதே நொடியில் கரண்ட் வந்தது. கந்தப்பனின் குடோனில் முதலில், பிறகு தெற்கு வீதியில், பிறகு ஊர் முழுக்கத் தறிகள் டடக்கென்று பிடித்துக்கொண்டன.

"என்னம்மா?" என்று கத்தியது பவளம். அது மரகதத்தின் உதட்டைப் பார்க்கவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மரகதம் எழுந்து நின்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அத்தனை தறிக்கும் மேலே கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னாள்.